மஞ்சளாக இருந்ததும் ரத்தம்தான்

அன்புள்ள தினேசு,

“டீச்சர், உங்க புள்ள நம்ம கையிலருந்து ரத்தம் எடுத்து, பல்லு புடுங்கின பள்ளத்துல வெக்கிறாராமே, அது எதுக்கு?” என்று கோவிந்தன் என்னிடம் கேட்டபோது நாங்கள் ஜமுனாமரத்தூர் சந்தையில் புளிக்கடை ஓரமாக நின்றிருந்தோம். அவனுக்கு ஒரு பக்கத்துக் கன்னம் வீங்கியிருந்தது. துண்டை முகவாயோடு சேர்த்துக் கட்டியிருந்தான். அதற்கு முந்தைய வாரம்தான் கண்ணமங்கலத்தில் உன் கிளினிக்குக்கு வந்து காட்டியிருந்தான். கீழ்க்கடைவாய்ப் பல் உடைந்து வேர் எலும்புக்குள் நிற்கிறது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும், சர்க்கரை இருப்பதால் புண் ஆற நாளாகும், அதனால் உங்கள் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் வைத்துச் சுற்றி அந்தப் பள்ளத்தில் வைக்கலாம் என்று நீ சொல்லி அனுப்பியிருந்தாய். அவன் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மலையேறி வந்து என்னிடம் கேட்டான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இன்றைக்கு நாற்பதைத் தாண்டி, சாமை விதைத்து, ஏழெட்டுப் புளியமரம் வைத்துப் பிழைக்கிறவன். ஆனாலும் எது புரியாவிட்டாலும் டீச்சரிடம் கேட்பது அவனுக்குப் பழக்கம்.

நான் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. யாராவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் எனக்கு இன்னும் உடம்பு நிமிர்ந்துவிடும். அன்றைக்கும் அப்படித்தான். மலைச்சாலையில் மழைக்கு மண் சரிந்த வளைவில் கயிற்று வலையை விரித்து அடித்துப் புல் விதைத்தார்களே, அதைச் சொன்னேன். “அந்த வலை இன்னா பண்ணுது? மண்ணப் புடிச்சுக்குது. புல்லு வேர் விட எடம் குடுக்குது. புல்லு நல்லா புடிச்ச பிறகு வலை தானா மக்கிப் போய்டுது. நம்ம உடம்பும் புண்ணு பட்ட எடத்துல இப்படி ஒரு வலை பின்னும். எங்க தினேசு அந்த வலைய வெளியிலயே பின்ன வெச்சு, பள்ளத்துல கொண்டுபோய் வெச்சுடுறான். டெங்கு வந்தா கொறஞ்சுபோச்சுன்னு சொல்றாங்களே பிளேட்லெட்டு, அதுங்க அந்த வலைக்குள்ள நெறையா ஒட்டிக்கினு இருக்கும். பக்கத்துல இருக்கிற சதைய ‘வளரு, வளரு’ன்னு ஒரு வாரத்துக்கு மேல தூண்டி விட்டுக்கினே இருக்கும்” என்றேன். கடைக்காரர் மூட்டைக்கு அடையாளம் எழுதும் சிவப்பு மை பேனாவை வாங்கி ஓர் அட்டையில் படமும் வரைந்தேன். தாடை, பள்ளம், அதற்குள் பின்னல் பின்னலாக ஒரு சிவப்பு வலை. நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். “டீச்சர் சொன்னா மரத்துக்குக்கூட வெளங்கும்” என்றார் கடைக்காரர். வீடு வரும்வரை அந்தப் பேச்சு காதில் இனித்தது.

உதாரணத்தில் தப்பில்லை. படத்தின் நிறத்தில்தான் தப்பு. நீ எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தாய். கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் எந்த மருந்தும் கலக்காமல் உடனே கண்ணாடிக் குழாயில் வைத்துச் சுற்ற வேண்டும், தாமதித்தால் உறைந்துவிடும், பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுற்றினால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்த நீர் நிற்கும், இரண்டுக்கும் நடுவில் திரள்கிறதே அந்தக் கட்டிதான் வேண்டும் என்றெல்லாம் சாப்பிடும்போதே சொல்லுவாய். “ஒரு நாள் வந்து பாரேம்மா” என்று கூப்பிட்டாய். எனக்கென்ன தெரியாதா என்று நான் வரவில்லை. ரத்தம் என்று நீ சொன்னதுமே என் மனதில் சிவப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேல் நீ சொன்ன எதுவும் அந்தச் சிவப்பை மாற்றவில்லை. பார்க்காத ஒரு பொருளுக்கு நானாக நிறம் பூசி, அதைச் சந்தையில் பாடமும் நடத்திவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோவிந்தனும் அவன் மனைவி மல்லிகாவும் முதல் பஸ்ஸில் இறங்கி உன்னிடம் வந்தார்கள். பல்லை எடுத்து, ரத்தக்கட்டியைப் பள்ளத்தில் வைத்து, மேலே நூல் போட்டு மதியத்துக்கு மேல் அனுப்பிவைத்தாய். ஒரு நாள் முழுக்கக் கொப்பளிக்கக் கூடாது, காறித் துப்பக் கூடாது, புகையிலை பக்கமே போகக் கூடாது என்று வாயாலும் சொல்லி, அச்சடித்த சீட்டும் கொடுத்தாய். அந்தச் சீட்டை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறான். இன்றும் இருக்கிறது, நான் பார்த்தேன். மறுநாள் காலை நான் அடுப்பில் பால் வைத்திருந்தபோது போன் வந்தது. அதில் பேசியதை உனக்கு அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையைக்கூட எனக்குச் சாதகமாக மாற்றவில்லை.

“டீச்சர், கண்ணாடியில வாயப் பாத்தேன். பள்ளத்துல மஞ்சளா, வழவழன்னு இன்னாவோ கீது.”

“வலிக்குதா?”

“லேசா கடுக்குது. அவ்ளோதான்.”

“ரத்தம் வெச்சா செவப்பா இல்ல இருக்கணும்? மஞ்சளா இருந்தா சீழு கட்டியிருக்குது கோவிந்தா.”

“கொப்பளிக்கக் கூடாதுன்னாரு டாக்டரு. சீட்டுலயும் போட்டுகீது. படிக்கட்டுமா டீச்சர்?”

“சீட்டு கெடக்கட்டும். சீழ உள்ள வுட்டா எலும்புக்குப் பரவும். உப்புத் தண்ணி வெச்சு நல்லா கொப்பளி. பள்ளிக்கூடத்துல பண்ணுவோமே, அந்த மாதிரி பத்து எண்ணி.”

“சரிங்க டீச்சர்.”

பள்ளிக்கூடத்தில் பண்ணியது உனக்கு நினைவிருக்கும். மதியச் சோறு முடிந்ததும் எல்லோரையும் குழாயடியில் வரிசையாக நிற்க வைப்பேன். இரண்டு கன்னமும் உப்ப, பத்து எண்ணும்வரை தண்ணீரை அலசி, எதிரே இருக்கும் செவ்வந்திப் பாத்தியைத் தாண்டித் துப்ப வேண்டும். சோற்றுப் பருக்கை பல்லிடுக்கில் நிற்காமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி. யார் துப்பியது தூரமாக விழுகிறது என்று பிள்ளைகள் அதைப் போட்டியாக்கிவிட்டார்கள். அதில் கோவிந்தனை ஜெயித்தவர்கள் கிடையாது. அந்தக் கொப்பளிப்பைத்தான், தையல் போட்டு ஒரு நாள்கூட முடியாத புண்ணுக்கு நான் சொன்னேன். அவனும் செய்தான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நாலாம் நாள் வலி காதுவரை ஏறி, ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உன்னிடம் வந்தான். வாயைத் திறந்து பார்த்தால் பள்ளம் காலி. அதை மூடியிருக்க வேண்டிய ரத்தக்கட்டி இல்லாமல் எலும்பு வெளியே தெரிந்தது, நாற்றம் அடித்தது. கழுவி, கிராம்பு வாசனை அடிக்கும் மருந்தை வைத்து, இரண்டு நாளைக்கு ஒரு தடவை கட்டு மாற்றினாய். ஆறுவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அது புளி உலுக்கும் மாதம். அவனால் மரம் ஏற முடியவில்லை. மல்லிகாவும் அவள் அண்ணனும் முடிந்ததை உலுக்கினார்கள், நாலு மரத்துப் புளி கைக்கு வராமலே போனது. “கொப்பளிச்சீங்களா?” என்று நீ அவனைக் கேட்டாய். “இல்லீங்க” என்றான். நீ அதை நம்பினாய். நம்பியதால் குற்றத்தை உன் கையில் தேடினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாயே தவிர, சாப்பிடவில்லை. “சுத்திக்கினு இருக்கும்போது நடுவுல கரண்ட்டு போய் வந்துச்சும்மா. நான் மறுபடியும் ரத்தம் எடுத்துச் சுத்தியிருக்கணும். இல்லன்னா நூல தளர்வா போட்டிருக்கேன். எதுவா இருந்தாலும் என் கைதான்” என்றாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கொப்பளிக்கச் சொன்னது நான்தான் என்பது அப்போது என் நினைவில் இருந்தது. சீழ்தானே, கழுவினால் நல்லதுதானே ஆகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. அது தெரியாமல் செய்த தப்பு இல்லை, தினேசு. போனில் சொன்னதைத் தெரியாமல் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். ரசம் ஊற்றியபோது பேசாமல் இருந்ததை அப்படிச் சொல்ல முடியாது.

இது முதல் தடவையும் இல்லை. நீ நாலாம் வகுப்பில் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்த வருடம், ஈசல் வேறு பூச்சி, கறையான் வேறு பூச்சி என்று நான் பாடம் சொன்னேன். நீ மறுநாள் ஒரு புற்றின் மண்கட்டியை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாய். “டீச்சர், ரெண்டும் ஒரே வூட்டுலதான் இருக்குது. ரெக்கை மொளைச்சதுதான் ஈசல்” என்றாய். வகுப்பில் நீயும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாய். “உட்காரு” என்றேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தில் பார்த்து, நீ சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டேன். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லவில்லை. அந்த வருடத்துப் பிள்ளைகள் இன்னும் ஈசலும் கறையானும் வேறு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். உனக்குக் கண்ணால் பார்த்தால்தான் திருப்தி. எனக்கு நன்றாகச் சொல்லிவிட்டாலே திருப்தி வந்துவிடும். முப்பத்திரண்டு வருட வேலையில் அந்தக் குணம் வளர்ந்ததே ஒழியக் குறையவில்லை.

கோவிந்தன் வாய் ஆறியது, பேச்சு ஆறவில்லை. “கையில ரத்தம் எடுத்து வாயில வெச்சு அழுக வெச்சுட்டாரு டீச்சர் புள்ள” என்று சந்தையில் சொன்னார்கள். மலையிலிருந்து உன்னிடம் வந்தவர்கள் ரத்தம் என்றதும் எழுந்து போனார்கள். நீயும் வற்புறுத்தவில்லை. சுற்றும் இயந்திரத்தைத் துடைத்து, வந்த பெட்டியிலேயே போட்டு ஒட்டிவிட்டாய். கொஞ்ச நாளில் எலும்பைத் தொடும் வேலை எது வந்தாலும் வேலூருக்குப் போங்கள் என்று அனுப்ப ஆரம்பித்தாய். போன மாதம், சென்னையில் மெடிக்கல் கோடிங் வேலை கிடைத்திருக்கிறது, கிளினிக்கை மூடப்போகிறேன் என்றாய். யாரோ ஒரு நோயாளிக்கு யாரோ செய்த சிகிச்சையின் குறிப்பைப் படித்து, அதற்குரிய எண்ணைக் கணினியில் போடும் வேலை என்று விளக்கினாய். “எண்ணுக்கு வலிக்காதும்மா” என்றும் சொன்னாய். உன் அப்பா அதற்குச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாமான் கட்ட உதவி செய்யலாம் என்று போன வாரம் கண்ணமங்கலம் வந்தேன் அல்லவா. நீ சாவி ஒப்படைப்பது பற்றிக் கட்டடச் சொந்தக்காரரைப் பார்க்கப் போயிருந்தாய். உன் உதவியாளர் ரேவதி கணினியில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வேறு இடத்தில் சேமித்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் கிண்ணத்தில் ஏதோ மஞ்சளாகப் பளபளவென்று கிடந்தது. ஒரு முனையில் மட்டும் லேசாகச் சிவப்பு ஒட்டியிருந்தது.

“இன்னாம்மா இது, கோழிக்கொழுப்பு மாதிரி?” என்றேன்.

ரேவதி சிரித்துவிட்டாள். “ஐயே, டீச்சர்! ரத்தத்துலருந்து எடுக்கிறமே, இதான் அது. கோவிந்தன் அண்ணனோடது. பள்ளத்துல வெக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம்.”

“மஞ்சளா கீதே?”

“மஞ்சளாதான் இருக்கும். செவப்பு பூரா அடியில போய்டும்ல. சார் உங்ககிட்ட காட்டினதே இல்லியா?”

“கரண்ட்டு போச்சாமே அன்னிக்கு?”

“ஒரு வாட்டி கண்ணு சிமிட்டுச்சு, அவ்ளோதான். கட்டி எவ்ளோ கெட்டியா வந்துகீது பாருங்க. நல்லா வந்துச்சுன்னுதான் சார் படமே எடுத்தாரு.”

அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொன்னேன். நீ திரும்பி வந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். முதலில் கோவிந்தனைக் கேட்டுவிட்டு, உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று பஸ் ஏறிவிட்டேன். அதிலும் பாதி பயம்தான்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். மல்லிகா புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கோணி தைத்துக்கொண்டிருந்தான்.

“கோவிந்தா, அன்னிக்கு நான் சொன்ன மாதிரி கொப்பளிச்சியா?”

“நீங்க பத்து எண்ணச் சொன்னீங்க. நான் இருபது வரைக்கும் எண்ணினேன் டீச்சர்” என்றான், ஏதோ வீட்டுப்பாடத்தைக் கூடுதலாக எழுதிவந்தவன் போல. “அந்த மஞ்சக் கட்டி நூலோட வந்து வுழுந்துச்சு. சீழு வந்துடுச்சுன்னு எனக்கு ஒரே சந்தோஷம்.”

“டாக்டர் கேட்டப்ப ஏன் இல்லன்னு சொன்ன?”

“யாரு சொல்லிப் பண்ணன்னு அடுத்தது கேப்பாரு. உங்க பேரு வரும். தாய்க்கும் புள்ளைக்கும் நடுவுல நான் எதுக்கு டீச்சர்?”

மல்லிகா கையில் இருந்த புளியை முறத்தில் போட்டாள். “நல்லா கீது நியாயம்! நாலு மரத்துப் புளி போச்சு. மூணு வாரம் இந்தாளுக்குக் கஞ்சி கரைச்சு ஊத்துனேன். ஊரு பூரா டாக்டர ஏசுனது. இதுல டீச்சர் பேரு மட்டும் கெடக்கூடாதாம்! ஏன் டீச்சர், அந்த சீட்ட நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுச் சொன்னேன், ‘கொப்பளிக்காதய்யா’ன்னு. ‘நீ டீச்சர வுட பெரிய ஆளா’ன்னு என் வாய அடைச்சாரு.”

“நீ படிச்சதுதான் சரி மல்லிகா” என்றேன். கோவிந்தனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுந்து நின்றுவிட்டான். மல்லிகாதான் “உக்காருய்யா, டீச்சர் ஒண்ணும் பெரம்பு எடுத்துக்கினு வரல” என்றாள்.

அடுத்த சந்தை நாளில் அதே புளிக்கடை ஓரத்தில் நின்று விஷயத்தைச் சொன்னேன். படம் எதுவும் வரையவில்லை. கோவிந்தனைக் கேட்டுக்கொண்டு, ரேவதி அனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன். இதுதான் அந்த ரத்தம், இது மஞ்சளாகத்தான் இருக்கும், இதைச் சீழ் என்று சொல்லித் துப்ப வைத்தது நான்தான், என் பிள்ளை கையில் பிசகில்லை என்றேன். “இதுக்கு எத்தினி மார்க்கு போடலாம் டீச்சர்?” என்று என்னிடம் படித்த ஒருவன் கூட்டத்தில் இருந்து கேட்டான். “பூஜ்யம் போடு” என்றேன். சிரித்தார்கள். ஒரு அம்மா, “புள்ளைய காப்பாத்த பழிய தன் மேல போட்டுக்கிறாங்க” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எல்லோரும் நம்பிவிட்டார்கள் என்று நான் உனக்கு எழுத மாட்டேன். பாதிப்பேர் நம்பியிருந்தால் அதிகம். மீதிப்பேருக்கு இன்னும் எத்தனை சந்தைக்குப் போய்ச் சொல்ல வேண்டுமோ, சொல்கிறேன்.

உன் அப்பாதான், “போன்ல சொன்னா நீ பாதியில அழுதுடுவ, அவன் ‘பரவால்லம்மா’ன்னு வெச்சுடுவான். எழுது” என்றார். அதனால்தான் எழுதுகிறேன். நடந்தது சந்தை அறிய நடந்தது என்பதால் இதில் ஒரு நகலைக் கோவிந்தன் வீட்டிலும், ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் கொடுக்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

உன்னைப் போகாதே என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. கோடிங் கௌரவமான வேலை. உன்னோடு படித்த எத்தனையோ பேர் அதில் நன்றாக இருக்கிறார்கள். உனக்குப் பிடித்துப் போனால் நானே வந்து சென்னையில் பால் காய்ச்சி வைத்துவிட்டு வருவேன். ஆனால் உன் கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போகாதே. அது நடக்கவில்லை. ரத்தக்கட்டி எல்லாப் புண்ணையும் ஆற்றிவிடும் மந்திரம் இல்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். சதை சீக்கிரம் மூடும், வலி குறையும், எலும்பு வளர எவ்வளவு உதவும் என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பாய். கோவிந்தனுக்குச் சர்க்கரையும் இருக்கிறது, புகையிலையும் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட அந்தப் புண் ஆற நாளாகியிருக்கலாம். அது யாருக்கும் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: நீ வைத்தது சரியாக வைக்கப்பட்டிருந்தது, நான் அதை இருபது எண்ணிக்கையில் வெளியே துப்ப வைத்தேன். முடிவெடுக்கும்போது இதையும் சேர்த்து வைத்துக்கொண்டு எடு.

இன்னொரு செய்தி. மல்லிகாவுக்கும் கீழே ஒரு கடைவாய்ப் பல் ரொம்ப நாளாகச் சொத்தையாகிக் கிடக்கிறது. வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன் என்றாள். “எனக்கும் அந்த ரத்தத்த வெக்கச் சொல்லுங்க. கெட்டது எதுன்னு நானும் பாக்கிறேன், அவரு வாயா, டாக்டரு கையான்னு” என்றாள். நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன். “நீங்க வராதீங்க டீச்சர். போனும் பண்ணாதீங்க” என்றாள். இரண்டுக்கும் ஒப்புக்கொண்டேன்.

ஆகையால் கிளினிக்கை மூடுவதற்கு முன் இந்த ஒன்றை மட்டும் செய்து பார். வியாழக்கிழமை பெட்டியைப் பிரித்து இயந்திரத்தை எடுத்து வை. மல்லிகாவின் ரத்தத்தைச் சுற்றி முடித்ததும், அந்தக் கட்டியை அவள் வாயில் வைப்பதற்கு முன்னால், கிண்ணத்தோடு அவள் கண்ணெதிரே நீட்டி, அவள் போதும் என்று சொல்லும்வரை பார்க்க விடு.

அம்மா